உறைக்குள் இருந்த கடைசி அத்தியாயம்

ராத்தா,

முடிவே இல்லாத ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு, அதன் முடிவு மிகவும் பிடித்திருந்தது என்று ஒருவர் சொல்லியனுப்பினால் அது பொய்யா, உதவி கேட்கும் கூப்பாடா? நீங்கள் என்னிடம் கேட்ட கேள்வி. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

இன்று மாலை உங்கள் மகள் ஷாமிலா ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். கோலாலம்பூருக்குத் திரும்புகிறாள், உங்கள் வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. "உம்மா இருந்தா இத உங்களுக்குத்தான் குடுக்கச் சொல்லியிருப்பாங்க ஆண்ட்டி" என்றாள். திறந்ததும் கிராம்பு வாசனை. பூச்சி வராமலிருக்க நீங்கள் அலமாரியில் துணியில் முடிந்து போட்டுவைக்கும் கிராம்பு. அடியில் நம் புத்தகங்கள், மேலே ஒரு பழுப்பு உறை. இன்னும் ஒட்டியபடியே இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாம் மூவரும் கடைசியாகப் படித்த நாவலின் கடைசி அத்தியாயம். நாம் யாருமே இதைப் படிக்கவில்லை.

பெட்டியை மூடிவைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இறந்தவர்களோடு பேசலாம் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் நாளைக் காலையில் நான் ஒரு காரியம் செய்யப்போகிறேன். அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்ததையும் நான் ஊகிப்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதை வேறு யாரிடமும் சொல்லிப் பார்க்க முடியாது.

சௌராஸ்தா சந்தையின் மாடியில், பழைய புத்தகக் கடைகளில்தான் உங்களை முதலில் பார்த்தேன். நான் கையில் எடுத்த நாவலைப் பார்த்துவிட்டு, அறிமுகமே இல்லாமல், "அத வாங்காத. கடைசிப் பக்கங்க இல்ல. நான் படிச்சி ஏமாந்துட்டு இங்கயே திருப்பிக் குடுத்ததுதான்" என்றீர்கள். பக்கத்தில் உங்கள் தோழி பத்மாக்கா, கையில் ஒரு பை நிறையப் பூசணிக்கீற்றும் வெண்டைக்காயுமாக, "வாங்கட்டும் விடுங்கோ, அந்தப் பிள்ளை முடிவைக் கண்டுபிடிச்சுச் சொல்லட்டும்" என்று சிரித்தார். நான் வாங்கினேன். அடுத்த வாரம் அதே மாடியில் உங்கள் இருவரிடமும் கொலையாளி யார் என்று சொன்னேன். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பத்மாக்கா நாம் இரண்டு பேர் சொன்னதையும் ஒத்துக்கொள்ளவில்லை. கீழே இறங்கி டீக்கடையில் உட்கார்ந்து, கடைக்காரர் மேசையைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கும்வரை பேசினோம். அவரை அக்கா என்றும், உங்கள் வீட்டு வழக்கப்படி உங்களை ராத்தா என்றும் அன்றைக்குத்தான் கூப்பிடத் தொடங்கினேன்.

நம் வழக்கம் அப்படித்தான் தொடங்கியது. முடிவு இருக்கும் புத்தகத்தைவிட முடிவு இல்லாத புத்தகத்தைப் பற்றித்தான் அதிகம் பேச முடிகிறது என்று நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். அதற்குப் பிறகு நாம் எந்த நாவலை வாங்கினாலும், வாங்கியவர் முதல் வேலையாகக் கடைசி அத்தியாயத்தைப் பிளேடால் அறுத்தெடுத்து உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். அறுப்பது தெரியாமல் சுத்தமாக அறுப்பீர்கள் நீங்கள். புத்தகம் மூன்று பேரிடமும் சுற்றி வரும். மூவரும் படித்த பிறகு ஒரு சனிக்கிழமை பத்மாக்காவின் வீட்டில் கூடி, ஆளுக்கொருவராகக் குற்றவாளியின் பெயரைச் சொன்ன பிறகுதான் உறையைக் கிழிப்போம். தவறாகச் சொன்னவர் அடுத்த புத்தகம் வாங்க வேண்டும்.

எல்லாம் ஒரே அச்சில் வார்த்த கதைகள்தான். எங்கோ ஒரு குளிர்ப் பிரதேசத்துக் கிராமம். ஒரு டீக்கடை, ஒரு பூனை, பழப்பாகில் விஷம். தலை நரைத்த மூன்று நான்கு பெண்கள் ரொட்டி சுட்டுக்கொண்டே கொலைகாரனைப் பிடித்துவிடுவார்கள். முன்பின் தெரியாதவர்கள் மூன்றாம் அத்தியாயத்துக்குள் உயிரைக் கொடுக்கும் தோழிகளாகிவிடுவார்கள் என்பதை என்னால் நம்ப முடிந்ததே இல்லை. நான் புதிரை மட்டும் படித்தேன். நீங்கள் அந்தப் பெண்களைப் படித்தீர்கள். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர் நீங்கள்; களவும் அடிதடியும் கொலையும் கேட்டுக் கேட்டு அலுத்தவர். வீட்டுக்கு வந்தும் ஏன் கொலைக் கதை என்று ஒருநாள் கேட்டேன்.

"இதுல செத்துப்போன ஒருத்தனுக்காக நாலு பொம்பளைங்க கூடி உக்காந்து யோசிக்கிறாங்க வாசுகி. கோர்ட்டுல நான் அத பாத்ததே இல்ல."

பத்மாக்காவும் நீங்களும் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவர் மருத்துவமனைப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், திருமணம் செய்துகொள்ளாதவர். ஜெலுத்தோங்கில் தகப்பனார் விட்டுப்போன வரிசைவீட்டில் தனியாக இருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், இங்கேயே பிறந்து வளர்ந்தும் வீட்டுப் பேச்சை விடாதவர். நம் விளையாட்டில் அவர் ஜெயித்ததே கிடையாது. யாரையும் குற்றம் சொல்ல அவருக்கு வாய் வராது. தோட்டக்காரன் பாவம், டாக்டருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்தச் சித்தி படிக்காதவள் என்று ஒவ்வொருவராக விடுதலை செய்துவிட்டு, கடைசியில் ஏற்கெனவே செத்துப்போன யாராவது ஒருவர் பெயரைச் சொல்வார். நீங்கள் இருமல் வரும்வரை சிரிப்பீர்கள். "இவ ஜட்ஜா இருந்திருந்தா ஊர்ல ஜெயிலே தேவப்பட்டிருக்காது லா" என்பீர்கள். நம் புத்தகங்களில் பாதிக்கு மேல் அவர் வாங்கியவைதான்.

பத்மாக்காவின் முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகுதான் சுரேன் வந்தார். பத்மாக்காவுடைய ஒன்றுவிட்ட தங்கையின் மகன், நாற்பது வயதிருக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலையாக இருந்தவர், வேலையை விட்டுவிட்டுப் பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருப்பதாகச் சொன்னார். முதல் சனிக்கிழமை அவரே டீ போட்டுக் கொண்டுவந்தார். கோப்பைகளை அவரே கழுவினார். நம்மை ஆண்ட்டி என்று அழைத்தார். திரும்பும்போது வண்டியில் நான் உங்களிடம் சொன்னேன், பத்மாக்காவுக்குக் கடைசிக் காலத்தில் அதிர்ஷ்டம் என்று. நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டே, "ம்" என்றீர்கள்.

பிறகு நடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்தால் எதிலும் ஒன்றுமில்லை. வாரம் இரண்டு முறை வந்து வீடு கூட்டிக்கொண்டிருந்த பெண்ணை நிறுத்தினார்கள். வீட்டில் ஆள் இருக்கும்போது வேலைக்காரி எதற்கு. வீட்டுத் தொலைபேசியை எடுத்துவிட்டார்கள். ஏமாற்றுக்காரர்கள் வயதானவர்களைக் கூப்பிட்டுத் தொல்லை செய்கிறார்கள், உண்மைதான். கேட்டுக்குப் புதுப் பூட்டு. அந்தத் தெருவில் திருட்டு நடந்திருந்தது. சனிக்கிழமைகள் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகி, மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு பெரியம்மா தூங்குகிறார், பிறகு பெரியம்மாவுக்குக் காய்ச்சல். கேட்டுக்கு உள்ளே நின்று, கம்பிகளுக்கிடையே கை நீட்டி நாம் கொண்டுபோன பலகாரத்தை வாங்கிக்கொள்வார். எப்போதும் சிரித்த முகம். மழை என்றால் நாம் நனைகிறோமே என்று வருத்தப்படுவார். பூட்டைத் திறக்கமாட்டார்.

நாம் மூவரும் சேர்ந்து உட்கார்ந்த கடைசிச் சனிக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். பத்மாக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. பேச்சு மந்தமாக இருந்தது. அடுத்த புத்தகத்தைப் பற்றி நீங்கள் கேட்டபோது, மடியிலிருந்த கைகளைப் பார்த்துக்கொண்டு, "என்னால எல்லாருக்கும் தொல்லை" என்றார். அவ்வளவுதான். சமையலறையில் பாத்திரச் சத்தம் ஒரு கணம் நின்று பிறகு தொடர்ந்தது. தெருமுனைக்கு வந்ததும் நீங்கள் என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

"முப்பது வருஷம் மத்தவங்க சொன்னத எல்லாம் நான் 'நான், நான்'னு சொல்லியிருக்கேன் வாசுகி. வாய் என்னோடது, வார்த்த அவனோடது. இப்ப பத்மா பேசினது அப்படித்தான் இருந்துச்சி."

வலி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்றேன். முதுமையில் மனச்சோர்வு சாதாரணம் என்றேன். நான் வேலை செய்வது இரசாயனப் பரிசோதனைக் கூடத்தில். மாதிரி கைக்கு வராமல் முடிவு எழுதுவதில்லை என்றும் சொன்னேன். "நீ சயன்ஸ் படிச்சவ. நான் பொய் படிச்சவ" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்து நடந்துவிட்டீர்கள். கோபமா என்று தெரியவில்லை. மறுநாளே போனில் அழைத்து, சமைத்த மீன் குழம்பைப் பற்றி அரைமணி நேரம் பேசினீர்கள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் புத்தகம். நீங்கள் வாங்கியது, முடிவை அறுத்து உறையில் ஒட்டி உங்களிடமே வைத்துக்கொண்டு என்னிடம் கொடுத்தீர்கள். நான் படித்து, கேட்டில் சுரேனிடம் கொடுத்து, பத்மாக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. பல வாரம் கழித்து ஒருநாள் சுரேனே உங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து அதைத் திருப்பிக் கொடுத்தார், கூடவே ஒரு பை ஆரஞ்சுப் பழம். "பெரியம்மா படிச்சி முடிச்சிட்டாங்க ஆண்ட்டி. முடிவு ரொம்ப நல்லா இருந்துச்சாம்."

நீங்கள் நன்றி சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, நின்ற இடத்திலிருந்தே எனக்கு போன் செய்தீர்கள். உங்கள் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை.

நான் சொன்ன விளக்கங்களை இப்போது மறுபடி பார்க்கிறேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிற எவரும் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். அது மரியாதை. சுரேன் புத்தகம் படிக்கிறவர் இல்லை; நம் விளையாட்டு நடக்கும்போதெல்லாம் சமையலறையில் இருந்தவர்; முடிவு அறுக்கப்பட்டது அவருக்குத் தெரிய வழியில்லை. தெரியாமல் சொன்ன ஒரு சின்னப் பொய்யை வைத்து ஒரு மனிதனை என்னவென்று சொல்ல முடியும்? நீங்கள் பொறுமையாகக் கேட்டீர்கள். பிறகு சொன்னீர்கள்:

"ரெண்டுல ஒன்னு. அவனே சொல்லியிருந்தா, பத்மா அந்தப் புத்தகத்தத் தொடல. படிக்காம இருக்கிற ஆளா அவ? இல்ல, பத்மாதான் சொல்லியனுப்பினான்னா, அவனுக்குப் புரியாத ஒன்ன அவன் வாயாலயே நமக்கு சொல்லியனுப்பியிருக்கா. எதுவா இருந்தாலும் நான் போகணும்தான, கான்?"

எதுவாக இருந்தாலும். அந்தத் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க நான் முயன்றேன். பத்மாக்கா புத்தகத்தைப் பாதியில் வைத்துவிட்டு, அது தெரியக்கூடாதென்று மரியாதைக்காக அப்படிச் சொல்லியிருக்கலாம் என்ற மூன்றாவது சாத்தியத்தை அடுத்த நாள் உங்களுக்குச் சொன்னேன். "பத்மா நம்மகிட்ட மரியாதைக்கு பேசுற நாள் வந்துருச்சின்னா அதுவே போதும் லா, நான் போறதுக்கு" என்றீர்கள்.

நீங்கள் போகத் தொடங்கினீர்கள். கேட்டைத் தட்டுவதோடு நிற்கவில்லை. எதிர்ப்பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார ஆரம்பித்தீர்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கிழவியை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னீர்கள். கையில் ஒரு நாவல், பிளாஸ்கில் டீ. நம் கதைகளில் வருகிற பெண்கள் செய்வதைத்தான் நீங்களும் செய்தீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் கதைகளில் வெயில் கிடையாது. முதிய துப்பறிவாளர்களுக்கு இதய நோய் கிடையாது. எழுதுகிறவர் அவர்களை அடுத்த புத்தகத்துக்காகப் பத்திரமாக வைத்திருப்பார்.

ஒருநாள் முற்பகலில் அந்த நிறுத்தத்தில் நீங்கள் சரிந்து விழுந்தீர்கள். இதயம் என்றார்கள். மருத்துவ அறிக்கையை ஷாமிலா எனக்குக் காட்டினாள். நான் அதை நம்புகிறேன். அதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. உங்களைத் தாங்கிப் பிடித்து, தண்ணீர் கொடுத்து, ஆம்புலன்ஸை அழைத்தவர் சுரேன். அதிலும் சந்தேகமில்லை, பக்கத்துப் பழக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். சுரேன் கேட்டைத் திறந்துகொண்டு ஓடிவந்த வேகத்தைப் பற்றி அவர் எல்லோரிடமும் மெச்சிச் சொன்னார். "ஆண்ட்டி சாயுறதுக்குள்ள வந்துட்டாரு." நான் அதைக் கேட்டுத் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது, ஒருவர் சாய்வதற்குள் சாலையைக் கடந்து வர வேண்டுமானால் அவரை அதற்கு முன்பிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

உங்கள் அடக்கத்துக்குச் சுரேன் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, குனிந்த தலை. ஷாமிலா அவர் கையைப் பற்றிக்கொண்டு அழாத குறையாக நன்றி சொன்னாள். ஆண்கள் உங்களைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, கீழே வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தபோது என்னிடம் வந்தார். பத்மாக்காவுக்கு விஷயம் தெரியுமா என்று கேட்டேன்.

"இன்னும் சொல்லல ஆண்ட்டி. தாங்க மாட்டாங்க. அந்த ஆண்ட்டி வெளியூர் போயிருக்காங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

எப்போதாவது சொல்லித்தானே ஆக வேண்டும் என்றேன். எதற்கு என்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு, நான் இனிமேல் சிரமப்பட்டு ஜெலுத்தோங்வரை வர வேண்டாம், தானே அவ்வப்போது போன் செய்து நிலவரம் சொல்வதாகச் சொன்னார். நகரப்போனவர் திரும்பி, அக்கறையோடுதான், கேட்டார்: "நீங்களும் தனியாத்தான இருக்கீங்க, ஆண்ட்டி?"

நான் வண்டியில் ஏறினேன். ஏறியதும் நான்கு கதவுகளையும் பூட்டினேன். ஒரு சாதாரணக் கேள்விக்குக் கை இப்படிப் பூட்டைத் தேடுவதை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. குறித்து மட்டும் வைத்துக்கொண்டேன்.

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். தெரிந்தவை: பத்மாக்காவை நாம் பார்த்துப் பல மாதம் ஆகிறது. அவர் தன் குரலில் பேசி நாம் கேட்டதில்லை. உங்களுடைய மரணம் அவரிடம் மறைக்கப்பட்டிருக்கிறது. மற்றதெல்லாம் ஊகம். சுரேன் நல்லவராகவும் இருக்கலாம். நாவல்களில்தான் மிக அன்பானவர் குற்றவாளி. நான் பார்த்தவரையில் அன்பாக இருப்பவர்கள் பெரும்பாலும் அன்பானவர்கள்தான். இதை நான் இப்போதும் நம்புகிறேன். ஆனால் ஒரு பெண் உயிரோடு, நலமாக இருக்கிறாரா என்பது விவாதித்து முடிவு செய்கிற விஷயம் இல்லை. கதவைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். அந்தக் கதவு எனக்காகத் திறக்காது. அதனால் இன்று மத்தியானம் காவல் நிலையத்துக்குப் போய் ரிப்போட் செய்தேன். தோழியைப் பல மாதமாகப் பார்க்க முடியவில்லை என்பதை மட்டும் சொன்னேன். உறையைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் அவர்களுக்கு நான் எப்படித் தோன்றியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். நாளைக் காலையில் ஒரு பெண் போலீஸ் என்னோடு வருகிறார்.

உங்களுக்குப் பயம் இருந்ததா ராத்தா, அந்த நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தபோது? எனக்கு இருக்கிறது. அந்த வீட்டுக்குள் எதைப் பார்ப்பேனோ என்று ஒரு பயம். எல்லாம் ஒழுங்காக இருந்து, பத்மாக்கா என்னைப் பார்த்துச் சிரித்து, இல்லாத ஒரு காரணத்துக்காக நீங்கள் அந்த வெயிலில் உட்கார்ந்தீர்கள் என்று தெரிந்துவிடுமோ என்று இன்னொரு பயம். இரண்டில் எது பெரிது என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

*

சனிக்கிழமை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போலீஸ் சீருடையைப் பார்த்ததும் சுரேன் பூட்டைத் திறந்துவிட்டார். தயங்கவில்லை. உள்ளே வரச்சொல்லி விசிறியைப் போட்டார். வீடு சுத்தமாக இருந்தது. மேசையில் மூடிவைத்த சாப்பாடு. நாள்வாரியாகப் பிரித்த மாத்திரைப் பெட்டி. முன்னறையில் நாற்காலியில் பத்மாக்கா. அவருடைய நீண்ட பின்னலைக் கழுத்தோடு வெட்டியிருந்தார்கள். "சீவி விடக் கஷ்டம் ஆண்ட்டி" என்றார் சுரேன். பத்மாக்கா பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்தார், ஆனால் பார்வை என் முகத்தில் வந்து நிற்க நேரம் பிடித்தது.

பெண் போலீஸ் மலாயில் பெயர் கேட்டார், உடம்பு எப்படி என்று கேட்டார், யாராவது அடிக்கிறார்களா, சாப்பாடு கிடைக்கிறதா என்று கேட்டார். நலமாக இருப்பதாகச் சொன்னார் பத்மாக்கா. தன்னால் எல்லோருக்கும் தொல்லை என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பெண் போலீஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன். கவனித்துக்கொள்ளப்படுகிற ஒரு முதியவர், அன்பான ஒரு மகன் முறை, பொழுதுபோகாத ஒரு தோழி. அவர் எழுந்துவிட்டார்.

நான் யோசித்துச் செய்யவில்லை. "பத்மாக்கா, என்னோட வெளிய வாங்க. ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்" என்றேன்.

"பெரியம்மா வெளிய போறதில்ல லா ஆண்ட்டி" என்று சிரித்தார் சுரேன்.

பத்மாக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே கேட்டார்:

"என்ரை செருப்பு எங்கை?"

நான் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். செருப்பு அடுக்கில் சுரேனுடைய செருப்பும் சப்பாத்தும் இருந்தன. பெண்கள் போடுகிற எதுவும் இல்லை. அறைக்குள் இருக்கிறதா என்று மலாயில் கேட்டேன். பெரியம்மாவுக்குத் தேவைப்படுவதில்லை, தூக்கிப் போட்டாயிற்று என்றார் சுரேன், இன்னும் சிரித்த முகத்தோடு. பெண் போலீஸ் மறுபடி உட்கார்ந்தார். கடைசியாக எப்போது இவரை மருத்துவரிடம் காட்டினீர்கள் என்று கேட்டார். போன வாரம்தான், கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன் என்றார் சுரேன். காலில் என்ன போட்டுக்கொண்டு போனார் என்று கேட்டார் பெண் போலீஸ்.

ராத்தா, அவர் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

என் செருப்பைக் கழற்றிப் பத்மாக்காவின் காலடியில் வைத்தேன். அவருக்குப் பெரியது. என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இழுத்து இழுத்து, கேட்டைத் தாண்டி வந்தார். பத்மாக்காவின் அடையாள அட்டையைச் சுரேனிடம் கேட்டு வாங்கிக்கொண்டு பெண் போலீஸ் பின்னால் வந்தார். நான் வெறுங்காலோடு வண்டி ஓட்டினேன். மருத்துவமனையில் இரத்தம் எடுத்தார்கள். என்னென்ன மாத்திரை கொடுக்கப்பட்டது என்று ஒரு இளம் டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். முடிவு வரச் சில நாள் ஆகும். அதுவரை பத்மாக்கா என்னோடு இருக்கட்டும் என்றார்கள். புத்தகத்தைப் பற்றி நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற நாள் இல்லை இது.

மாலையில் போனில் ஒரு செய்தி வந்தது. பெரியம்மாவின் மருந்தை மறந்துவிட்டீர்கள் ஆண்ட்டி, கீழே காவலாளியிடம் கொடுத்திருக்கிறேன் என்று. என் வீடு எங்கே இருக்கிறது என்று நான் சுரேனிடம் சொன்னதே இல்லை. பெண் போலீஸை அழைத்தேன். அதைத் தொட வேண்டாம், கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள் என்றார். பூட்டினேன். அவர் வந்து எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகுதான் பத்மாக்கா உங்களைப் பற்றிக் கேட்டார். வெளியூர் போனவ எப்ப வருவா என்று. நான் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கத் தெரியாததால் நேராகச் சொன்னேன்: எங்கே, எப்படி என்று. அவர் அழவில்லை. தன் கால்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அண்டைக்கு ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. ஆருக்கெண்டு கேட்டன். பக்கத்து வீட்டுக் கிழவருக்கெண்டான்." பிறகு, "கட்டில்ல இருந்து பாத்தா, சன்னல் திரையில சின்னன் ஒரு நீக்கல். அதுக்குள்ளால பஸ் ஸ்டாண்டில அவவின்ரை கால் மட்டும் தெரியும். அந்தக் காலைக் கண்டால்தான் சாப்பிடுவன்."

நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரையும் தொட்டுப் பேசிப் பழக்கமில்லாதவள் நான். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன். அவர் கேட்டார்:

"நான் பாத்தனான் எண்டு அவவுக்குத் தெரியுமோ, பிள்ளை?"

என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை, ராத்தா. நீங்கள் அப்படி எதையும் என்னிடம் சொன்னதில்லை.

தெரியும் என்று சொன்னேன்.